அந்த மாணவன் கேட்டது பாடத்துக்குள்ளேதான் இருக்கிறது

கடிதத்தின் சுருக்கம்

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் 6, 7, 8ஆம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்தும் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயர், ஊர், பள்ளி எதையும் குறிப்பிடவில்லை. அடையாளம் தெரியக்கூடிய இரண்டொரு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து இது மூன்றாவது ஆண்டு. வகுப்பில் 42 பேர். தான் படித்த காலத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததாகவும், தன்னிடம் படிக்கும் பிள்ளைகள் அப்படி இருக்கக் கூடாது என்று நினைத்ததாகவும் எழுதுகிறார். அதனால் ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொரு பாடவேளையிலும் கடைசிப் பத்து நிமிடத்தைக் கேள்விகளுக்கென்று ஒதுக்கினார். முதல் சில வாரங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு முன்பெஞ்சுப் பையன்கள் நான்கு பேர் மட்டும் கேட்கத் தொடங்கினார்கள். பெண் பிள்ளைகளில் ஒருவர்கூட எழவில்லை.

ஏழாம் வகுப்பில் தாவரங்களின் இனப்பெருக்கம் நடத்திய நாளில், அதுவரை பேசாதிருந்த ஒரு மாணவன் எழுந்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் சேர்ந்தவன். பெற்றோர் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்து அங்கேயே குடியிருப்பவர்கள். "மகரந்தம் சேர்ந்தால்தான் காய் பிடிக்கும் என்று சொன்னீர்கள் மிஸ். எங்கள் பண்ணையில் சேவலே கிடையாது. அப்புறம் கோழி எப்படி முட்டை வைக்கிறது?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "அதெல்லாம் பெரிய வகுப்பில் வரும், உட்கார்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவன் கையே தூக்குவதில்லை.

மறுநாள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் "பாடம் நடத்தாமல் வேண்டாத பேச்சு பேசுகிறார்" என்று புகார் வந்தது. கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு, மற்ற பிரிவைவிட இரண்டு பாடம் பின்தங்கியிருப்பதையும் ஸ்லிப் டெஸ்ட் சராசரி குறைந்திருப்பதையும் எடுத்துக் காட்டினார். "வெளிநாட்டுப் பள்ளிக்கு இதெல்லாம் சரி, நமக்கு ஒத்து வராது. கேள்வி நேரத்தை நிறுத்துங்கள்" என்றார். மூத்த ஆசிரியர் ஒருவர், "கேட்க விட்டால் தலைக்கு மேல் ஏறிவிடுவார்கள்" என்று எச்சரித்திருக்கிறார். அதே ஆசிரியர், கணக்கு வகுப்பில் "ஏன்" என்று கேட்ட ஒரு பெண்ணைப் பாடவேளை முழுவதும் வெளியே நிற்க வைத்தவர். வீட்டில் கணவரோ "ஊரோடு ஒத்துப் போ" என்கிறார்.

நம் பிள்ளைகள் இயல்பிலேயே கூச்சப்படுகிறவர்களா? சட்டப்படி எனக்கு உரிமை இருக்கிறதா, மேலே புகார் செய்யலாமா? பதில் தெரியாத கேள்விகளை என்ன செய்வது? வேலையை விட்டுவிட்டு அரசுப் பள்ளிக்கு முயற்சி செய்யட்டுமா? இவை அவருடைய கேள்விகள்.

ஆலோசனை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது நான் நின்ற இடம், கரஸ்பாண்டென்ட்டின் அறையோ வாட்ஸ்அப் புகாரோ இல்லை. அந்தப் பையனின் கேள்வியில்தான் நின்றேன். நீங்கள் நடத்தியது தாவரம். அவன் யோசித்தது கோழி. மகரந்தச் சேர்க்கை நடந்து, கருவுறுதல் நிகழ்ந்து, சூலகம் கனியாகிறது என்ற விதியை எடுத்துக்கொண்டு, தினமும் கண்ணால் பார்க்கும் பண்ணையில் அதைப் பொருத்திப் பார்த்திருக்கிறான். பொருந்தவில்லை. பொருந்தாததை எழுந்து சொன்னான். ஒரு விதியை உண்மையாகவே புரிந்துகொண்ட பிள்ளைக்குத்தான் அது எங்கே உடைகிறது என்று தெரியும். அன்றைக்கு உங்கள் வகுப்பில் அந்தப் பாடம் யாருக்கு ஏறியிருக்கிறது என்பதற்கு, எந்த ஸ்லிப் டெஸ்ட்டும் தராத சான்றை அவன் தந்துவிட்டான். இதை நீங்கள் ஒரு சங்கடமாக எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில், இந்த ஆண்டு உங்களுக்குக் கிடைத்த முதல் நல்ல பலன் அதுதான்.

ஆகவே உங்கள் மற்றக் கேள்விகளுக்கு முன்னால் இதை வைக்கிறேன்.

முதலில் அவனிடம் திரும்பிப் போங்கள்

வகுப்புக்கு முன்னால் போவதற்கு முன்பு தனியாகப் பேசுங்கள். இரண்டு நிமிடம் போதும். "அன்றைக்கு நீ கேட்டது ரொம்ப நல்ல கேள்வி கண்ணு. எனக்கு அந்த நேரத்தில் சொல்ல வரவில்லை. நாளைக்கு வகுப்பில் அதைத்தான் எடுக்கப் போகிறேன். நீ பண்ணையில் பார்த்ததைச் சொல்கிறாயா, அல்லது நானே சொல்லட்டுமா?" என்று அவனிடமே விட்டுவிடுங்கள். அவன் வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம். ஒரு முறை சிரிப்புக்கு ஆளான பிள்ளையை மறுபடியும் மேடையேற்றுவது உதவியாக இருக்காது.

பிறகு வகுப்பில் நேராகப் பதில் சொல்லுங்கள். வெட்கப்பட அதில் எதுவும் இல்லை. கோழியின் உடல், சேவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏறத்தாழ 25 மணி நேரத்துக்கு ஒரு முட்டையை உருவாக்கிக்கொண்டிருக்கும். அதில் பெரும்பகுதி நேரம், சுமார் 20 மணி நேரம், ஓடு உருவாவதற்கே போகிறது. சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டையில் கரு இருக்கும், அடை வைத்தால் குஞ்சு பொரிக்கும். பண்ணை முட்டையில் கரு இல்லை, அது வெறும் உணவு. பண்ணை முட்டையை அடை வைத்தால் பொரிக்காது என்பது உங்கள் ஊர்ப் பாட்டிமார்களுக்குத் தெரியும். வகுப்பில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்கும். தாவரத்தில் பொதுவாகக் கருவுற்ற பிறகுதான் கனி உருவாகத் தொடங்குகிறது. கோழியிலோ முட்டை முன்கூட்டியே தயாராகிறது. அவன் கண்டுபிடித்தது இந்த வேறுபாட்டைத்தான்.

அதோடு நிறுத்தாமல் இன்னும் ஓரடி போங்கள். தாவரத்திலும் அந்த விதிக்கு விலக்கு உண்டா என்று கேளுங்கள். பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால் வாழையைப் பற்றிக் கேளுங்கள். வாழைப்பழத்தில் விதை எங்கே? வாழையை விதை போட்டு வளர்க்கிறார்களா, கன்று நட்டு வளர்க்கிறார்களா? நாம் சாப்பிடும் வாழை கருவுறாமலே கனியாகிறது. பழத்துக்குள் தெரியும் சிறு கறும்புள்ளிகள், விதையாக வளராமல் நின்றுபோன சூல்கள். கோழிப்பண்ணைப் பையனின் கேள்வி வாழைத்தோப்புப் பிள்ளையின் வாயைத் திறந்துவிடும். பாடப் புத்தகத்தில் உள்ள "கருவுறுதல்" என்ற சொல் அதன்பிறகு ஒருவருக்கும் மறக்காது.

இந்தப் பேச்சு வயதுக்கு மீறியது என்ற அச்சம் வேண்டாம். வளரிளம் பருவமடைதல் என்ற பாடமே எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. ஓர் ஆண்டு முன்னால், அதுவும் கோழியைப் பற்றி, ஓர் அறிவியல் ஆசிரியை சொல்வதில் தவறில்லை. எப்படிச் சொல்கிறீர்கள் என்பதைத்தான் பிள்ளைகள் கவனிப்பார்கள். நீங்கள் தடுமாறினால் சிரிப்பார்கள், சாதாரணமாகச் சொன்னால் சாதாரணமாகவே கேட்டுக்கொள்வார்கள்.

சிரிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இதை நீங்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். அவர்கள் சிரித்தது கேள்விக்கா, கேட்டவனுக்கா? அதே கேள்வியைப் பண்ணை முதலாளியின் மகன் கேட்டிருந்தால் வகுப்பு அப்படிச் சிரித்திருக்குமா? லாரி வைத்திருப்பவர் பிள்ளையும் பண்ணை வைத்திருப்பவர் பிள்ளையும் பண்ணையில் கூலிக்கு நிற்பவர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் வகுப்பு உங்களுடையது. யார் பேசலாம், யார் பேசக் கூடாது என்ற கணக்கு அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே வந்துவிடுகிறது. உங்கள் வகுப்பில் அது செல்லாது என்று ஒரு முறை கண்டிப்பாகச் சொல்லுங்கள். "ஒருவர் கேட்கும்போது மற்றவர் சிரிக்கக் கூடாது" என்பது உங்கள் வகுப்பின் முதல் விதியாக இருக்கட்டும். கேள்வி நேரம் என்று ஒன்றைத் தொடங்கும் முன்பே இந்த விதி இருந்திருக்க வேண்டும். கூச்சம் இல்லாத பிள்ளைகளைத் தேட வேண்டியதில்லை, சிரிப்பில்லாத வகுப்பை நீங்கள் உண்டாக்கினால் போதும்.

பிள்ளைகளிடம் கேள்வி இல்லாமல் இல்லை

கொங்குப் பிள்ளைகள் இயல்பிலேயே பேசாதவர்கள் என்று எண்ண வேண்டாம். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் சிறுவனையோ, பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓடும் வீட்டுப் பெண்ணையோ பாருங்கள். கேள்வி கேட்டே பெரியவர்களைக் களைப்படையச் செய்கிறார்கள். வகுப்பறைக்குள் வந்ததும் வாய் மூடிக்கொள்கிறது என்றால், காரணம் வகுப்பறையில் இருக்கிறது.

"ஏதாவது சந்தேகம் இருக்கிறதா?" என்று நீங்கள் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கை தூக்குவது என்றால், 41 பேருக்கு முன்னால் எனக்குப் புரியவில்லை என்று ஒப்புக்கொள்வது. பன்னிரண்டு வயதில் யாருக்கு அந்தத் துணிவு வரும்? அதுவும் மணி அடிக்கப் போகிற கடைசிப் பத்து நிமிடத்தில், கேட்பவன் மற்றவர்களின் இடைவேளையையும் பறித்தவனாகிறான். ஆகவே நேரத்தையும் மாற்றுங்கள், கேட்கும் முறையையும் மாற்றுங்கள்.

பாடத்தைத் தொடங்கும்போதே ஒரு பொருளையோ படத்தையோ காட்டி, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து ஆளுக்கொரு கேள்வியாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு பூவைப் பிளந்து காட்டலாம், ஓர் உடைந்த முட்டையைக் காட்டலாம். மூன்று நிமிடம் கொடுங்கள். முதலில் தனியாக யோசித்து, பிறகு இருவராகப் பேசி, அப்புறம் வகுப்புக்குச் சொல்லும் இந்த வரிசையை 1981ஆம் ஆண்டில் பிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் முறைப்படுத்தினார். இதில் ஒரு பெரிய நன்மை, கேள்வி ஒருவருடையதாக இல்லாமல் இருவருடையதாகிவிடுகிறது. உங்கள் பெண் பிள்ளைகள் வாய் திறக்க நான் அறிந்த சுலபமான வழி இது. "நீங்கள் இருவரும் என்ன எழுதினீர்கள்?" என்று கேட்டால் எழுதியதைப் படிப்பார்கள். படிக்கப் பழகியவர்கள் பிறகு பேசுவார்கள். முன்பெஞ்சு நால்வரை அடக்க வேண்டாம். அவர்களை எல்லோருக்கும் பிறகு கேட்கச் சொன்னால் போதும்.

இன்னொன்று, நீங்கள் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகள் பேசினார்கள், மாணவர்கள் தாமாகக் கேட்கும் கேள்விகளும் பெருகின. மூன்று விநாடி கேட்பதற்குச் சிறியது. வகுப்பு முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு அது மிக நீண்ட நேரமாகத் தோன்றும். பழகிக்கொள்ளுங்கள். பிள்ளை பதில் சொல்லி முடித்த பிறகும் உடனே "சரி" என்று சொல்லாமல் அதே அளவு காத்திருங்கள். பல நேரங்களில் அந்த இடைவெளியில்தான் இரண்டாவது, நல்ல வாக்கியம் வரும்.

போர்ஷனும் கரஸ்பாண்டென்ட்டும்

இதில் கரஸ்பாண்டென்ட்டின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு பாடம் பின்தங்கியிருப்பது உண்மையான குறை. பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். பருவத் தேர்வு தேதி யாருக்காகவும் நகராது. கேள்வியைப் பாடத்துக்கு மேல் கூடுதலாக வைத்தால் நேரம் போகத்தான் செய்யும். பாடத்தையே கேள்வி வழியாக நடத்தினால் அந்த அளவுக்குப் போகாது. கடைசிப் பத்து நிமிடத்தை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அவர் சொன்னதைச் செய்தவராகவும் ஆவீர்கள், அந்தப் பத்து நிமிடத்தால் பெரிய பயனும் இருக்கவில்லை.

அதற்குப் பதிலாக அவரிடம் ஒரே ஓர் அனுமதி கேளுங்கள். 2012-13இல் முப்பருவ முறை வந்தபோது, 100 மதிப்பெண்ணில் 40 பருவம் முழுவதும் வகுப்பிலேயே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு, 60 பருவத் தேர்வுக்கு என்று பிரித்தார்கள். அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கானது. பல பள்ளிகளில் அந்தச் செயல்பாட்டு மதிப்பெண்ணைப் பருவக் கடைசியில் உட்கார்ந்து நிரப்பிவிடுகிறார்கள் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஏழாம் வகுப்பில் ஒரு செயல்பாடாக "மாணவர் தயாரித்த வினாத்தாள்" என்று வையுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் நான்கு பேர் கொண்ட குழு பத்துக் கேள்வி தயாரிக்கட்டும். ஐந்து கேள்விக்குப் பதில் புத்தகத்தில் நேராக இருக்க வேண்டும். மூன்று, இரண்டு பத்திகளைச் சேர்த்துப் படித்தால் கிடைக்க வேண்டும். இரண்டு, புத்தகத்தில் இல்லாததாக, "ஏன்" அல்லது "அப்படி இல்லாவிட்டால் என்ன ஆகும்" என்று தொடங்க வேண்டும். ஒரு குழுவின் தாளை இன்னொரு குழு எழுதித் திருத்தட்டும். உங்கள் ஸ்லிப் டெஸ்ட் முடிந்தது, புக் பேக் மனப்பாடமும் முடிந்தது, பதிவேட்டில் எழுத ஆதாரமும் கிடைத்தது. பத்தாம் வகுப்புக்குப் போகும்போது பாடத்தின் உள்ளிருந்து வரும் கேள்விகளைப் பார்த்து இந்தப் பிள்ளைகள் மிரள மாட்டார்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் புரியும் கணக்கு அது.

வெளிநாட்டுச் சரக்கு என்று அவர் சொன்னதற்கும் மரியாதையாக ஒரு பதில் இருக்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், பெருந்துறைக்கு அருகே உள்ள சீனாபுரத்தைச் சேர்ந்தவர் என்பது கொங்கில் வழங்கும் மரபு. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய அந்த நூலின் பொதுப்பாயிரத்தில், மாணவன் செய்ய வேண்டியவற்றுள் வினாவுவதையும், பிறர் வினாவியதற்கு விடை சொல்வதையும் அவர் சேர்த்திருக்கிறார். அதோடு விடவில்லை. ஆசிரியர் சொன்னதை நன்றாக உள்வாங்கினாலும் மாணவனுக்குக் கிடைப்பது கால் பங்கு கல்வி, உடன் படிப்பவரோடு பழகுவதில் இன்னொரு கால், பிறருக்கு எடுத்துச் சொல்வதில்தான் மீதி அரைப் பங்கு என்று பங்கு பிரித்தே காட்டுகிறார். குழுவாகக் கேள்வி தயாரித்து, ஒருவருக்கொருவர் விளக்கும் வகுப்புக்கு இதைவிட வேறு என்ன பரிந்துரை வேண்டும்? இதை வாதமாக வைக்காமல், தெரிந்த செய்தியைப் பகிர்வதுபோல் சொல்லுங்கள். நம் ஊர்ப் பெருமையைக் கேட்டு முகம் சுளிப்பவர் குறைவு.

பெற்றோர் புகாரையும் இலேசாக எடுக்க வேண்டாம். "மிஸ் பாடமே நடத்துவதில்லை" என்று பிள்ளையே வீட்டில் சொல்லியிருக்கக்கூடும், அது பொய்யும் இல்லை. 2019இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்புகளில் ஓர் ஆய்வு நடந்தது. தாமே முயன்று, பேசிக் கற்ற மாணவர்கள் தேர்வில் கூடுதலாக எடுத்தார்கள். ஆனால் விரிவுரை கேட்டவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். கல்லூரி மாணவர்களுக்கே அப்படி என்றால், ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம். முயன்று கற்பது சிரமமாக இருக்கிறது, சிரமத்தைப் பிள்ளைகள் குழப்பம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆகவே பாடவேளையின் கடைசி இரண்டு நிமிடத்தை நீங்களே எடுத்துக்கொண்டு, அன்று கற்றதை மூன்று வரியில் கரும்பலகையில் எழுதி, நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் நோட்டைத் திறக்கும் அம்மாவுக்குப் பாடம் நடந்தது தெரிய வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் எந்த விளக்கமும் எழுதாதீர்கள். புகார் சொன்னவரை அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நேரில் பார்த்து, பிள்ளையின் நோட்டைக் காட்டிப் பேசுங்கள்.

சட்டம் எங்கே துணை நிற்கும்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆவது பிரிவை நீங்கள் குறிப்பிட்டிருக்கிறீர்கள். செயல்பாடு, கண்டறிதல், தேடல் வழியாகக் கற்றல், அச்சமின்றிப் பிள்ளை தன் கருத்தைச் சொல்ல உதவுதல் ஆகியவை அதில் இருப்பது உண்மை. ஆனால் அது, பாடத்திட்டமும் மதிப்பீட்டு முறையும் வகுக்கும் அமைப்பு எதைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சொல்லும் பிரிவு. தனி ஆசிரியர் ஒருவர் நிர்வாகத்தின் மீது வழக்காடப் பயன்படுத்தும் உரிமையாக அதை எண்ணிக்கொள்ள வேண்டாம். அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, குறித்த காலத்துக்குள் பாடத்திட்டத்தை முழுவதும் முடிப்பதை ஆசிரியரின் கடமையாகச் சொல்கிறது. நீங்கள் ஒரு பிரிவைக் காட்டினால் அவர் மற்றொன்றைக் காட்டுவார். இந்த விஷயத்துக்காக மாவட்டக் கல்வி அலுவலரிடம் போவது உங்களுக்கு இழப்பையே தரும். போக வேண்டாம்.

சட்டம் உறுதியாக நிற்கும் இடம் வேறு, அதை உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். "ஏன்" என்று கேட்டதற்காக ஒரு பெண்ணை வெளியே நிற்க வைத்தது. 17ஆவது பிரிவு உடல் தண்டனையை மட்டும் தடுக்கவில்லை, மன ரீதியான துன்புறுத்தலையும் தடுக்கிறது. மீறும் ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வழி செய்கிறது. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். முதலில் தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லுங்கள். மறுபடியும் நடந்தால் தேதியோடு எழுத்தில் கொடுங்கள். அப்போதும் நிற்காவிட்டால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர் இருக்கிறார், கல்வித் துறையின் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டும் இருக்கின்றன. இதில் உங்கள் வேலைக்கு ஆபத்து வரக்கூடும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆகவே பணி நியமன ஆணையையும் சம்பளச் சான்றுகளையும் பிரதி எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டு, எழுத்தில் கொடுக்கும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். அந்தப் பெண்ணிடம் இதற்கிடையே யாராவது ஒருவர், "நீ கேட்டதில் தப்பில்லை" என்று சொல்லியாக வேண்டும். அது நீங்களாகவே இருக்கலாம், இன்றைக்கே.

தெரியாத கேள்வி வந்தால்

900 அடி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஏன் வெதுவெதுப்பாக வருகிறது என்று ஒரு மாணவி நோட்டில் எழுதிக் கொடுத்ததாகவும், பதில் தெரியாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெண் பிள்ளைகள் கேட்பதே இல்லை என்றீர்கள். எழுந்து கேட்கவில்லை, அவ்வளவுதான். எழுதிக் கேட்டிருக்கிறாள், பாருங்கள்.

தெரியாது என்று சொல்வதால் ஆசிரியரின் மதிப்பு குறைவதில்லை. தெரியாததை மழுப்பினால் குறையும், சொன்ன நாளில் பதில் கொண்டுவராவிட்டால் அதைவிட அதிகமாகக் குறையும். "எனக்குத் தெரியவில்லை, வெள்ளிக்கிழமை சொல்கிறேன்" என்று வகுப்புச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை சொல்லியே ஆக வேண்டும். அந்த மாணவிக்கான பதில் இது: பூமிக்குள் ஆழம் போகப் போக வெப்பம் கூடும். பொதுவாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் என்று சொல்வார்கள், இடத்துக்கு இடம் மாறும். 900 அடி என்பது ஏறத்தாழ 275 மீட்டர். அந்தக் கணக்கில் ஏழெட்டு டிகிரி கூடலாம். அதிகாலைக் குளிரில் அந்தத் தண்ணீர் இன்னும் சூடாகத் தெரியும். ஆய்வகத்து வெப்பநிலைமானியைக் கொடுத்து, குழாயில் வரும் தண்ணீரையும் தொட்டித் தண்ணீரையும் விடியற்காலையிலும் மதியத்திலும் அளந்துவரச் சொல்லுங்கள். யாருடைய வீட்டில் எத்தனை அடிக் கிணறு என்பதையும் கேட்டு எழுதி வரட்டும். ஒரு வாரத்தில் உங்கள் கையில் ஓர் அட்டவணை இருக்கும். அதுவே இன்னொரு செயல்பாட்டு மதிப்பெண்.

வேலையை விடலாமா

இப்போது வேண்டாம். பருவத்தின் நடுவில் நீங்கள் கிளம்பினால் அந்த 42 பேருக்கும் புதிய ஆள் வருவார், அந்தப் பையன் மறுபடியும் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவான். ஏப்ரல் வரை பாருங்கள்.

அரசுப் பள்ளியில் எல்லாம் சுதந்திரம் என்ற எண்ணத்தையும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். 2007-08இலேயே 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில், படித்து, மனவரைபடம் வரைந்து, குழுவில் தொகுத்து வழங்கும் முறையை அங்கே கொண்டுவந்தார்கள். 2022இல் அறிவியலுக்காக வானவில் மன்றம் வந்தது. நல்ல பயிற்சியும் நல்ல ஆசிரியர்களும் அங்கே இருக்கிறார்கள். பதிவேடுகளும், கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்களும், ஒரே வகுப்பில் வெவ்வேறு கற்றல் நிலையில் இருக்கும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். சம்பளத்துக்காகவும் பணிப் பாதுகாப்புக்காகவும் போக விரும்பினால் தாராளமாக முயலுங்கள், அது முற்றிலும் நியாயமான காரணம். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளுக்கு இந்த ஆண்டே படிக்கத் தொடங்கலாம். நீங்கள் எடுக்கும் வகுப்புகளுக்கு உரிய தாள் அதுதான், அறிவியல் பகுதியை ஏற்கெனவே தினமும் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கணவரிடம் கோபப்பட வேண்டாம். வீட்டுக்கு ஒரு சம்பளம் நின்றுபோகுமே என்ற பயத்தில்தான் அவர் அப்படிச் சொல்கிறார். கடைசிப் பத்து நிமிடத்தை நிறுத்திவிட்டேன், நிர்வாகம் கேட்ட போர்ஷனை முடித்துத் தருகிறேன், சட்டச் சண்டைக்குப் போகவில்லை என்று சொன்னால் பாதிப் பயம் போய்விடும். மீதியை, அடுத்த ஸ்லிப் டெஸ்ட் தாள்களைத் திருத்தும்போது அவரையும் பக்கத்தில் உட்கார வைத்து, பிள்ளைகள் தயாரித்த கேள்விகளை வாசித்துக் காட்டிப் பேசிக்கொள்ளுங்கள். நாளைக் காலை முதல் வேலையாக அந்தப் பையனைப் பாருங்கள்.